ரைஸ் மில்லுல கப்பல் ஊதுன நாள்

செங்கல்பட்டுல எங்க மாமா பேரு யாருக்கும் தெரியாது. 'கப்பலு'ன்னு கேட்டா ரைஸ் மில்லுக்கு வழி காட்டுவாங்க. அம்மாவோட தம்பி. மில்லுல பாய்லருக்கு உமி தள்ளுற வேலை. அதுக்கு முன்னாடி ரொம்ப வருசம் ஒரு சரக்குக் கப்பல்ல பாய்லர் பாத்தவரு.

அந்தக் கப்பலு உலகச் சண்டைக் காலத்துல அவசர அவசரமா கட்டுனது. ரெண்டு தபா சரக்கு கொண்டு போனா போதும், அப்பால குண்டு பட்டு முழுகினாலும் பரவால்லன்னு ஒட்ட வச்சானுங்களாம். அது முழுகல. சண்டை முடிஞ்சும் கோதுமை, கரி, உரம்னு சொமந்துகினே கெடந்துச்சு. மொதலாளி மாறுனா பழைய பேர சுரண்டிட்டு புதுப் பேரு எழுதுவானுங்க, அவ்ளோதான். நானும் அந்த மாடலுதான். பத்தாவது தாண்டுனா போதும்னு வளத்தாங்க, அம்பது தாண்டியும் அங்கங்க ஒட்டுப் போட்டு ஓடிகினு கீறேன்.

கடைசில கப்பல ஒடைக்க வித்துட்டானுங்க. எந்தத் துறைமுகத்த வுட்டு கெளம்பினாலும் நீளமா ஊதிட்டுத்தான் கெளம்புமாம். அன்னிக்கு மட்டும் பாய்லருல நெருப்பு இல்ல. இன்னொரு கப்பலு கயிறு கட்டி இழுத்துகினு போச்சு, ஊமையா. மாமா கெஞ்சிக் கூத்தாடி கழட்டி எடுத்தாந்தது அந்த ஊதல் ஒண்ணுதான். முழுப் பித்தள. எங்க வூட்டுக்கு வந்து வேலையில்லாம உக்காந்தாரு. ஊதல் மூலைல கம்முனு கெடந்துச்சு, என் பாயில பாதிய புடிச்சிகினு மாமாதான் ராத்திரி பூரா கொறட்டையில ஊதுனாரு.

அப்பா அலைஞ்சு திரிஞ்சு மில்லுல சேத்து வுட்டாரு. மாமா அங்கியே தங்கிக்கினாரு. இந்த வேலையும் போச்சுன்னா வாசப்படி ஏறாதேன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஏறுவாருன்னு எனக்குத் தெரியும். ஏறுனா போறது என் பாயி.

ஒரு நாளு மில்லு மொதலாளி கேளம்பாக்கத்துல கல்யாணம்னு போயிட்டாரு. மாமா ஊதல எடுத்தாந்து பாய்லரு பைப்புல மாட்டிட்டாரு. நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் இன்னிக்கு கப்பல் வரும்னு சொல்லி வச்சிருந்தேன். அந்தக் காலத்துலயே வாயி அப்டி.

மொதல்ல ஊதல் கயித்த என்னத்தான் இழுக்கச் சொன்னாரு. தொங்கி இழுத்தேன். 'புஸ்'ஸுன்னு சுடுதண்ணி துப்பி சட்ட நனஞ்சதுதான் மிச்சம். மாமா கயித்த வாங்கினு மெதுவா இழுத்தாரு.

சத்தம் காதுல கேக்கல, பல்லுல கேட்டுச்சு. எதிர் சலூன்ல ஒருத்தரு ஒரு பக்க மீசையோட தெருவுக்கு ஓடியாந்தாரு. களத்துல நெல்லு காயவச்ச பொம்பளைங்க மொறத்த தலைல கவுத்துகினு உக்காந்துட்டாங்க. மாமா நிறுத்துனாரு. மறுபடி இழுத்தாரு. மூணாவது தபா இழுத்தப்ப ஆவி தீந்து, அழுகைய அடக்குற மாதிரி இழுத்து இழுத்து அடங்கிச்சு. அந்த ஆவியில வேக வேண்டிய நெல்லு தொட்டியில பாதி வெந்து நின்னுச்சு.

அப்பத்தான் பஸ்ஸ வுட்டு எறங்குன மொதலாளிகிட்ட யாரோ பாய்லரு வெடிச்சிடிச்சின்னு சொல்லிட்டாங்க. கைல செருப்பு, வாயில கல்யாண வெத்தல, ஓடியாந்தாரு. பாய்லரு முழுசா நிக்கிறதப் பாத்து மூட்ட மேல உக்காந்துட்டாரு. ஊதலயே ரொம்ப நேரம் மொறச்சாரு. நான் மனசுக்குள்ள பாய சுருட்ட ஆரம்பிச்சேன்.

"யோவ் கப்பலு, சத்தம் நல்லாத்தான்யா கீது. தெனம் காலைல ஒரு தபா ஊது. ஊரு நம்ம மில்லுக்கு முழிக்கட்டும்."

எனக்குத் தல கால் புரியல. ஆனா மாமா கயித்த அவுத்துகினு இருந்தாரு.

"இல்ல மொதலாளி. இனிமே அது ஊதாது."

வெத்தலைய துப்பிட்டு மொதலாளி, பாதி வெந்த நெல்ல நீயே சொமந்துகினு போ, நாளைக்கு நேரத்துக்கு வேலைக்கு வான்னுட்டாரு. வேலை பொழச்சிச்சு. அந்த நெல்லு அரைச்சப்ப பூரா நொய்யாப் போச்சு, எங்க வூட்ல ஒரு மாசம் கஞ்சி. ஊதல பாத்திரக்காரன் கிட்ட போட்டு மாமா அம்மாவுக்குப் பித்தளக் குடம் வாங்கியாந்தாரு. ஸ்கூல்ல நான் 'டுபாக்கூர்' ஆனேன்.

ஊதுன அன்னிக்கு சாயங்காலம் மூட்டையோட வூட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கல. ஒரு தபா ஊதியிருந்தா ஆவியும் மிஞ்சியிருக்கும், நெல்லும் வெந்திருக்கும்.

"எதுக்கு மாமா மூணு தபா இழுத்த?"

"போறப்ப மூணுதான் நைனா."

யாரு போறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். ரோட்டுல ஒரு எருமதான் போய்கினு இருந்துச்சு.