வெள்ளிக்கிழமை வந்த ஹாருவான்

அன்றைக்குக் கூடத்தில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரி நாற்காலியில் இருந்தாள். பினாங்கில் வேலை செய்யும் மகள் போனில் இருந்தாள். இவ்வளவுக்கும் காரணமான மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, இருந்திருக்க வேண்டும். அவன் இல்லை.

போன வருடம் தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில், ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில் நடந்தது.

தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. அறுத்துத் தகடு வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நடந்து பழக வேண்டும், இப்போது நடக்காவிட்டால் அப்புறம் படுக்கைதான் என்றார். பிடித்து நடக்க அலுமினிய வாக்கர் ஒன்று கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கேட்டால் "முடியல" என்பாள். காலையில் முடியல, சாயந்திரம் முடியல. கக்கூசுக்குப் போக நானோ பக்கத்து வீட்டு அக்காவோ தூக்கிப் பிடிக்க வேண்டும். வாக்கரில் துண்டு காயப் போட்டாள். ரப்பர் தோட்டத்தில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் சீவிய பொம்பளை. விழுந்த பயம் போகவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எரிச்சல் வந்தது.

மகள்தான் யோசனை சொன்னாள். "ஒரு மீன் தொட்டி வாங்கி அந்தக் கோடியில வைங்கப்பா. பாக்கறதுக்காவது எந்திரிச்சு போவாங்க."

எனக்கு மீன் என்றால் குழம்பில் இருக்க வேண்டும். சரி என்று போனேன்.

கடைக்காரர் சீனர். கண்ணாடித் தொட்டி, மணல், காற்று மோட்டார், தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெட்டி எல்லாம் எடுத்து வைத்தார். மீன் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றார்.

"துங்குலா அண்ணே" என்று காத்திருக்கச் சொன்னார். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கிறதாம். மணலைக் கழுவிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஒரு வாரம் ஓட விட வேண்டுமாம். அவர் தொட்டியில் கிடந்த அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, இதை உள்ளே போடு, தண்ணீர் பழகும் என்றார். மீன் விற்கிற கடையில் மீன் விற்க மாட்டேன் என்கிறார். அழுக்கை இலவசமாகக் கொடுக்கிறார்.

ஒரு வாரம் எங்கள் கூடத்தில் வெறும் தண்ணீர் குமிழி விட்டுக் கொதித்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மீன் கண்ணுக்குத் தெரியாத சாதியா?" என்றார். வீட்டுக்காரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வாரம் முடிந்து போனேன். சிவப்பாகப் பெரிசாக ஒன்றைக் காட்டினேன். அது மற்றதை அடிக்கும் என்றார் சீனர். கோடு போட்ட ஒன்றைக் காட்டினேன். அது வாலைக் கடிக்கும் என்றார். மகள் போனில் பார்த்துக்கொண்டு, "அந்த நீலம்ப்பா, இல்ல அது இல்ல, பக்கத்துல" என்கிறாள். ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் கப்பி, பிளாட்டி, நீலக் கோடு போட்ட நியோன், எல்லாம் சாந்தமான மீனாகப் பொறுக்கி வாங்கினேன். பையோடு அரை மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, அப்புறம்தான் திறக்க வேண்டுமாம். அதையும் செய்தேன்.

மீன் அழகாகத்தான் ஓடியது. வீட்டுக்காரி தூரத்திலிருந்து பார்த்தாள்.

"கிட்ட போய் பாரு" என்றேன்.

"நாற்காலிய தள்ளிப் போடுங்க."

"மாட்டேன். நடந்து போ."

மறுநாள் மச்சான் வந்தான். அவன் அக்கா சொன்னதும் நாற்காலியோடு அவளைத் தொட்டி முன்னால் தள்ளிப் போட்டுவிட்டான். வேலையிலிருந்து வந்து பார்த்தால் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். மச்சானுக்குப் போன் போட்டேன். "அக்கா கேட்டுச்சு மாமா, என்ன செய்ய" என்றான். எதற்காகத் தொட்டி வாங்கினேனோ அது அன்றோடு போனது.

அதோடு விட்டானா என்றால் இல்லை. அறுத்த புண் ஆறுவதற்கு எங்கள் ஊரில் ஹாருவான் சூப் கொடுப்பார்கள். தமிழில் விரால் என்று சொல்வது. மலாய்க்காரர், சீனர், நாம், எல்லாரும் கொடுப்பார்கள். பழைய தோட்டத்துக் குட்டையில் தூண்டில் போட்டு முழங்கை நீளத்துக்கு ஒன்று பிடித்து, உயிரோடு காலியான சாய வாளியில் கொண்டு வந்திருக்கிறான். நான் வேலைக்குப் போன பிறகு வந்திருக்கிறான். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. அறுக்கக் கூடாது. வாளியும் இரவல் வாளி, திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் சுற்றிலும் பார்த்திருக்கிறான். தண்ணீர் நிறையத் தொட்டி இருந்திருக்கிறது.

சாயந்திரம் வந்தேன். தொட்டியில் ஹாருவான் நின்றது. வேறு எதுவும் இல்லை.

"கப்பி எங்க?"

"தின்னுடுச்சு."

"நியோன்?"

"அதுவுந்தான்."

"பாத்துக்கிட்டா இருந்த? யாரையாவது கூப்பிடக் கூடாது?"

"யார கூப்பிடறது? நீங்க வேலையில இருக்கீங்க."

மச்சானுக்குப் போன் போட்டேன். "பசியா இருந்திருக்கும் மாமா. நாளைக்கு அறுத்துடுங்க. சூப்புக்கு மிளகு அதிகமா போடுங்க" என்றான்.

சனிக்கிழமை காலை கத்தி தீட்டினேன். ஹாருவான் வழுக்கும், அதனால் சாம்பல் எடுத்து வைத்தேன். வீட்டுக்காரி தொட்டியைப் பார்த்தபடி, "வேணாம்" என்றாள்.

"என்ன வேணாம்?"

"அது மேல வந்து மூச்சு வாங்கிட்டு போவுது. என்னையே பாக்குது. விட்டுடுங்க."

"உன் புண்ணுக்குத்தான் கொண்டு வந்தது."

"புண்ணு ஆறிப்போச்சு."

மகள் போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்கும் சமாதானம் சொல்கிறாள், அம்மாவுக்கும் சமாதானம் சொல்கிறாள். நான் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு மூடியைத் தூக்கினேன். கையை விடுவதற்குள் ஹாருவான் துள்ளி வெளியே விழுந்தது. போன் மல்லாக்க விழுந்தது. சிமெண்ட் தரையில் பாம்பு மாதிரி ஓடுகிறது. பிடித்தேன், வழுக்கியது. சாம்பலைப் போட்டேன், அது என் கண்ணில் விழுந்தது. மீன் அடுக்களைக்குள் போய்ப் பின்கதவைப் பார்த்து ஓடியது. வெளியே பெரிய சாக்கடை. அங்கே விழுந்தால் அடிபட்டுச் சாகும், இல்லாவிட்டால் பூனைக்கு.

"கதவ சாத்துங்க. பின்கதவ."

சாத்தினேன்.

"அந்தப் பக்கம் போவாதீங்க, மிதிச்சிடுவீங்க. இந்தாங்க, துண்டு."

துண்டு என் தோளில் விழுந்தது. மீனை மூடி அமுக்கிப் பிடித்தேன். மேசையிலிருந்து மகள் சத்தம் போட்டாள். "அப்பா, என்ன நடக்குது, சீலிங்தான் தெரியுது. அம்மா எங்கேருந்து பேசறாங்க?"

அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நாற்காலி கூடத்தில் தொட்டி பக்கம் கிடந்தது. அவள் அடுக்களை வாசலில் வாக்கரைப் பிடித்து நின்றாள். அவளும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளைப் பிடிக்கப் போகலாம் என்றால் என் கையில் மீன்.

"நிக்காதீங்க" என்றாள். "தண்ணியில விடுங்க. செத்துடும்."

விட்டேன். போனை நிமிர்த்தி வைத்தேன். அவள் வாக்கரை ஊன்றி மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் அழுதாள். கத்தியைக் கழுவி உள்ளே வைத்தேன்.

அன்று சாயந்திரமே நாற்காலியைப் பழைய இடத்துக்கு, சுவர் ஓரம் தள்ளிவிட்டேன். திட்டினாள். திட்டிவிட்டு வாக்கரை எடுத்தாள்.

மூடிக்கு மேல் வைக்கக் கனமான கண்ணாடி வாங்கச் சீனர் கடைக்குப் போனேன். என் மீனெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தீனிக்கு என்று மலிவான கப்பி ஒரு பை கட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை ஒரு வாரம் காத்திரு என்று சொல்லவில்லை.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்க அவள் வாக்கரோடு நடந்தே உள்ளே போனாள். இப்போது கைத்தடிதான். காலையில் எழுந்ததும் முதலில் தொட்டிக்குப் போகிறாள். தரையெல்லாம் தண்ணீர் சிந்துகிறது, நான்தான் துடைக்கிறேன். மச்சான் வந்தால், "இன்னும் அறுக்கலையா மாமா? நல்லா கொழுத்துடுச்சு" என்பான். "உன் வேலைய பாத்துக்கிட்டு போடா" என்பாள் அவன் அக்கா.

ஒரு வாரம் தண்ணீரைப் பழக்கி, ஒரு மணி நேரம் நின்று, பார்த்துப் பார்த்து வாங்கிய மீனால் அவள் எழுந்திருக்கவில்லை. இரவல் வாளியில் வந்தது எழுப்பிவிட்டது. இன்னொருத்தருக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு அன்றோடு எனக்குப் போனது. மச்சான் எதைக் கொண்டு வந்தாலும் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைக்கிறேன்.

தொட்டியில் மீன், ஒன்று.