மடித்தால் எவ்வளவு இடம் அடைக்கும்?

சக்கர நாற்காலி விற்கிற தொழிலில், அதில் உட்காரப் போகிறவரைத் தவிர மற்ற எல்லோரையும் சந்திக்கலாம்.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் கடை இருந்தது. சர்ஜிகல் சாமான்கள். தொண்ணூறுகளின் நடுவில் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் அங்கே நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனை நாற்காலிகள் இருந்த அந்தக் கடையில் விற்பனையாள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்களிடம் எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்வார்கள். என்னிடம் மடித்துக் காட்டச் சொல்வார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

படிகள்

மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று கடையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஏறுவதற்குச் செங்குத்தான படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. படிகளுக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சக்கர நாற்காலி எப்போதும் காட்சிக்கு நிற்கும். சாயங்காலமானால் அதற்குத் தனியாக ஒரு விளக்கு.

ஒரு சமயம் பக்கத்துக் கட்டிடத்தில் வேலை செய்த கொத்தனார், கலவை மிச்சமிருக்கிறது, படிகளுக்கு ஓரமாக ஒரு சரிவு போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். கூலிகூட வேண்டாம், டீ வாங்கித் தந்தால் போதும் என்றார். முதலாளி கடைக்குள்ளிருந்தே கையை ஆட்டி மறுத்துவிட்டார். சரிவு போட்டால் ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்துவார்களாம், நாய் ஏறி வந்து படுத்துக்கொள்ளுமாம். வண்டி தள்ளிக்கொண்டு யாராவது வந்தால் என்றேன். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நடக்க முடியாதவன் எதுக்குய்யா கடைக்கு வரான்? நடக்கிறவன் வந்து வாங்கிகினு போவான்."

மீடியம்

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவரின் அப்பாவுக்கு நாற்காலி. இருவரும் படித்தவர்கள், அளவெல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். கட்டிலுக்கடியில் எவ்வளவு உயரம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு சந்து, காரின் டிக்கி எவ்வளவு அகலம், எல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம். குளியலறைக் கதவின் அகலம் என்ன என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் எப்படி இருப்பார், பருமனா ஒல்லியா என்று கேட்டேன். கணவர் யோசித்துவிட்டு, "மீடியம்" என்றார், சட்டை வாங்குகிறவரைப் போல.

ஒவ்வொரு நாற்காலியாக மடித்துக் காட்டினேன். எதையும் பிரித்து உட்கார்ந்து பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மகளைப் பெண் பார்க்க வரப் போகிறார்கள். அன்றைக்கு நாற்காலி இருக்கிற சுவடே தெரியக் கூடாது. நாற்காலியை ஒளித்துவிடலாம், அதில் இருக்கிறவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா சமாதானமாகச் சிரித்தார்.

"மாமாவைப் பத்திக் கவலையில்லைங்க, அவர் பின் ரூம்ல படுத்துப்பார். நாற்காலிதான் எங்க வச்சாலும் கண்ணுல படும்."

போலாம், ரைட்

உட்காரப் போகிறவரே நேரில் வந்தது ஒருவர்தான். ஒரு ஆட்டோ படிகளுக்குக் கீழே வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி மேலே வந்தவர் அந்தோணி. கல்பாக்கம் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. தங்கைக்காக என்றார். "இருக்கிறதுலயே சல்லிசா ஒண்ணு குடு சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் பின்னாலேயே வசந்தா என்ற பெண் ஏறி வந்து, "அவ கீழ கூப்புடறா சார், நாற்காலியக் கொண்ணாங்க" என்றார்.

ஆட்டோவுக்குள் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். புதுப்பட்டினம். செங்கல்பட்டில் ஒரு கூட்டுறவு சங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ரோட்டில் லாரி மோதி இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. விடுப்பு அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் நேரில் வந்து வேலையில் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். வசந்தாவும் அதே ஊர், அதே அலுவலகம், அதே பஸ். அவர் துணைக்கு வருவார். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரத்துக்குள் நாற்காலி மடிய வேண்டும். இல்லாவிட்டால் கண்டக்டர் ஏற்ற மாட்டார். இதையெல்லாம் ஸ்டெல்லா ஆட்டோ டிரைவர் காது கேட்கவே சொன்னார். பிறகு அவரே கண்டக்டர் ஆனார். நான் ஒவ்வொன்றாகக் கீழே தூக்கி வர, வசந்தா மடிக்கத் தொடங்கியதும், "ஏறும்மா, ஏறு, உள்ள போ... போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தார். முதல் நாற்காலியின் கால்பலகை வசந்தாவின் முழங்காலில் இடித்தது. "பஸ் பூட்ச்சுடி" என்றார் ஸ்டெல்லா. இரண்டாவது பாதி மடிந்து முறுக்கிக்கொண்டது. "இதுவும் போச்சு. நீ நடந்தே வா." ஆட்டோ டிரைவர் சிரித்துவிட்டார். மூன்றாவது அலுமினியம். வசந்தா இருக்கைத் துணியை முன்னும் பின்னும் பிடித்து மேலே தூக்கினார். ஸ்டெல்லா 'ரைட்' சொல்ல வாயெடுப்பதற்குள் அது சேர்ந்து நின்றது. ஒரே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதையே எடுத்து வைக்கச் சொன்னார்.

இவ்வளவு நேரமும் ஓரமாக நின்ற அந்தோணி, இதெல்லாம் எதற்கு, கெட்டியாக ஒன்றை வாங்கி வீட்டில் உட்கார வைத்தால் போதாதா என்றார். நாளைக்குத் தானே வந்து எடுத்துப் போவதாகவும் சொன்னார். ஸ்டெல்லா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வூட்ல உக்கார எடம் நெறைய கீது சார். வெளிய போறதுக்குத்தான் ஒண்ணுமே இல்ல."

ரெண்டுக்கும் ஆகும்

மறுநாள் அந்தோணி தனியாக வந்தார். வந்ததும் மூலையில் கிடந்த ஒரு இரும்பு நாற்காலியைக் காட்டினார். அது நாற்காலியும் கக்கூசும் ஒன்றாகச் சேர்ந்தது. உட்காரும் பலகையை எடுத்தால் கீழே ஒரு பாத்திரம். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். மடியும் என்று அட்டையில் போட்டிருந்தது. பலகையை எடுத்து, பாத்திரத்தை எடுத்து, அதற்கும் மனசு வந்தால் மடியும். உங்கள் தங்கை எடுத்து வைக்கச் சொன்னது வேறு, பஸ்ஸில் ஏற்ற வேண்டுமே என்றேன். "ரெண்டுக்கும் ஆகும்ல?" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளி பில் போட்டுவிட்டார். யாரும் சீண்டாத சரக்கு அது.

குழாய்களில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை உரிக்கப் போனேன். அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். புதுசு புதுசாகவே இருக்கட்டுமாம். கடல் காற்றில் உறைக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும் என்றேன். கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் புது சைக்கிளின் உறை தானாகக் கிழிந்தால்தான் உண்டு. சோபாவின் உறையை வீட்டுக்காரர் உரிப்பதே இல்லை. நாற்காலிக்கு மட்டும் வேறு நியாயமா? கிளம்பும்போது என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"ஆபீசுக்கு அவ எங்க போவப்போறா அண்ணாத்த? அந்த வேலைய என் பொண்டாட்டிக்குப் போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டுகினு கீறேன்."

கடல் தெரியும் அறை

அந்த அலுமினிய நாற்காலியை அதே வாரம் மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கடற்கரை ஓட்டல் வாங்கிக்கொண்டது. நட்சத்திரத் தகுதிக்குச் சோதனை செய்ய வருகிறவர்கள், மாற்றுத் திறனாளி விருந்தினருக்கு என்ன வசதி என்று கேட்பார்களாம். சோதனை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவோம் என்று மேனேஜர் முன்கூட்டியே சொன்னார். முதலாளி தலையாட்டினார். பெரிய இடம்.

கொண்டு போய்க் கொடுக்க நான் போனேன். வரவேற்பறையிலிருந்து அறைகளுக்குப் படிகள். அறைகளிலிருந்து மணலுக்குக் கருங்கல் படிகள். மேனேஜர் நாற்காலியை வாங்கிப் படுக்கை விரிப்புகள் அடுக்கிய அறையில் வைத்துப் பூட்டினார். இது அலுமினியம், வெளியே வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்றேன்.

"அதுக்கில்ல சார், கெஸ்ட் எல்லாம் கடலைப் பார்க்கத்தானே வராங்க, இதை எதுக்குப் பார்க்கணும்?"

மேடை

ஒரு சேவை சங்கத்தின் தலைவர் மேடையில் வைத்து இலவசமாகக் கொடுக்க மொத்தமாக நாற்காலிகள் கேட்டு வந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், வேனில் அடுக்க வசதியாக மடிவது. பெற்றுக்கொள்ளப் போகிறவர்களில் குழந்தைகள் உண்டா, பருமனானவர்கள் உண்டா, அதற்குத் தக்கபடி அளவு மாறுமே என்றேன்.

"யாருக்குக் குடுக்கிறதுன்னு இன்னும் முடிவாகலைங்க, தேதி முடிவாயிடுச்சு."

மடியாதது

ஸ்டெல்லாவின் விடுப்பு முடிகிற மாதம். ஒரு காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மீன் டெம்போ வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அந்த இரும்பு நாற்காலி விரிந்தபடி நின்றது. டிரைவரும் வசந்தாவும் அதை இறக்கிப் படிகளுக்கு நேர் கீழே வைத்தார்கள். முன் சீட்டிலிருந்த ஸ்டெல்லாவைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். குழாய்களில் பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. அதற்குள் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது.

அலுமினிய நாற்காலி விற்றுப்போய்விட்டது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆட்கள் வந்தால் பார்க்கும்படியாகப் புதுசு கலையாமல் இதை மடித்துத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறார்கள். பழகிப் பார்க்கலாம் என்று வசந்தா இழுத்துப் பிரித்தார். பிரிந்தது. அதோடு சரி. குறுக்குக் கம்பி இறுகிவிட்டது; பிரேக்கும் பிடித்த பிடியை விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலாளி மேலே இருந்தபடியே, "வித்த சரக்கு வாபஸ் கிடையாதும்மா" என்றார். "சரி சார்" என்றார் ஸ்டெல்லா. போகவில்லை. இடுப்புப் பெல்ட் வாங்க வந்தவர் அவருக்குப் பின்னால் நின்றார். ஊன்றுகோல் வாங்க வந்தவர் அவருக்குப் பின்னால். "ஓரமா போம்மா, ஏவாரம் நடக்கணும்ல" என்றார் முதலாளி. "நான் இன்னா சார் புடிச்சிகினா வச்சிருக்கேன்? மடிச்சி ஓரமா வையுங்க, போறேன்" என்றார் ஸ்டெல்லா. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வசந்தா ஸ்டெல்லாவைத் தூக்கிப் படியில் உட்கார வைக்க, முதலாளி தம் கையாலேயே மடிக்கப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் துரு அப்பியதுதான் மிச்சம். அதற்குள் வசந்தா கண்ணாடிப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். ஓட்டல்காரர்கள் திருப்பியனுப்பிய அலுமினிய நாற்காலி அங்கே நின்றது. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டார். வாபஸ் வந்தது என்று நான் வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன். "ஓ, வாபஸ் கீதா?" என்றார் ஸ்டெல்லா. பெல்ட் வாங்க வந்தவர் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அதைத் தூக்கி வரச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். டெம்போ போன பிறகு, சட்டையைத் துடைத்துக்கொண்டே, சொன்னார்.

"அந்தக் கொத்தனாரக் கூப்புட்டு வாசல்ல ரெண்டு கல்லு நடச் சொல்லுய்யா. இனிமே எவனும் நாற்காலியக் கொண்ணாந்து இங்க போடக் கூடாது."

மாடிப்படிக்குக் கீழே

சில மாதங்கள் கழித்து முதலாளியின் வேலையாக அந்தக் கூட்டுறவு சங்க அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகம் மாடியில். படியேறப் போனவன், டைப்ரைட்டர் சத்தம் கேட்டு நின்றேன். மாடிப்படிக்குக் கீழே, ஓடாத மின்விசிறிக்கும் கட்டிப் போட்ட பழைய ஃபைல்களுக்கும் நடுவில் ஒரு மேஜை. ஸ்டெல்லா அந்த அலுமினிய நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் தலை படியில் இடிக்கும்.

சேர வந்த அன்றைக்கு, முதலில் வந்த பஸ் நிற்கவில்லையாம். இரண்டாவது பஸ்ஸில் கண்டக்டர் வைதுகொண்டே விசில் ஊதுவதற்குள் வசந்தா மடித்து ஏற்றிவிட்டார். வந்து சேர்ந்தால், செயலாளர் கீழே அறை இல்லை என்றார். சாமான் போடுகிற இந்த இடம்தான் இருக்கிறது, முடியுமா பார் என்றிருக்கிறார். முடியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். பதிவேட்டைக் கீழே கொண்டுவரச் சொல்லி ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டார். இதையெல்லாம் அவர் தாளை உருட்டியபடியே சொன்னார். அண்ணன் வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அது என்ன ஆயிற்று என்றேன். ஸ்டெல்லா கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அண்ணி நேர்லயே வந்து பார்த்தாங்க சார். 'இங்க எவ உக்காருவா'ன்னுட்டுப் பூட்டாங்க. இனிமே இந்த எடத்த யாரும் கேக்க மாட்டாங்க."

மடித்தால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சரியான அளவைச் சொல்லியே அனுப்பியிருக்கிறேன், அவர்கள் நாற்காலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு.