சோமசேகரன் சுருதி மாற்றிய கதை

கோட்டுச்சேரியில் மின் மீட்டர் கணக்கெடுக்கும் சோமசேகரனை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத் தேவைக்கு அதிகமாகவே தெரியும். மனுஷன் பீடி, சீட்டு எதையும் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் மேற்கத்திய இசை இலக்கணம். பீடியாக இருந்திருந்தால் நான் ஜன்னலைச் சாத்தித் தப்பித்திருப்பேன்.

வேலை முடிந்து வந்ததும் கீபோர்டு முன் உட்கார்ந்து நாலு கட்டையைச் சேர்த்து அழுத்துவார். இப்படிச் சேர்த்து அழுத்துவது கார்டாம், இந்தக் கார்டுக்கு ஜி செவன் என்று பெயராம். அது ஒலித்தால் அடுத்து சி மேஜர் வந்தே தீரவேண்டும். செருப்பைக் கழற்றிய விருந்தாளி உள்ளே வந்துதானே ஆகவேண்டும்? அந்த நேரம் பார்த்து அவருக்கு ஃபோன் வரும். ஒருநாள் வரிச்சிக்குடிக்காரர் ஒருவர் மீட்டர் ஓடவில்லை என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் வாயில் ஊற்றிய காப்பி அதுவரை தொண்டையிலேயே நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவர் திரும்பி வந்து சி மேஜரை அழுத்திய பிறகுதான் விழுங்கினேன்.

“சோமு, பாதியில வுட்டுட்டுப் போவாதப்பா. நான் வயசானவ” என்றேன்.

“புரியுதுல்ல பெரியம்மா? அதுதான் ஹார்மனி!” என்று பூரித்துப் போனார்.

இத்தனை வருஷம் அவர் எழுதிய இசை எதையும் மனிதர்கள் வாசித்து அவர் கேட்டதில்லை. கம்ப்யூட்டர்தான் வாசிக்கும். “அது மிக்ஸி மாதிரி பெரியம்மா. நல்லா அரைக்கும், ருசி தெரியாது” என்பார். ஆகவே மகள் எழில்மதியின் கல்யாண வரவேற்பில், அவள் மண்டப வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வருவதற்கென்று ஒரு இசை எழுதினார். ஒரே ஒரு தடவை அதைக் காதால் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அந்த இசை சி-யில் கிளம்பி நடுவில் ஜி-க்குப் போகும். நம் கச்சேரியில் ஆரம்பத்தில் சேர்த்த சுருதி மங்களம் வரை அசையாது. அவர்களுக்கோ சுருதியே பாதி வழியில் வீடு மாறும்.

“மாறுறது யாருக்கும் தெரியக்கூடாது பெரியம்மா. நடுவுல ஏ மைனர்னு ஒரு கார்டு. சி வீட்டுல அது ஆறாவது ஆளு, ஜி வீட்டுல ரெண்டாவது ஆளு. நம்ம முத்தையன் மாதிரி. பொண்ணு வீட்டுக்கு மாமா, மாப்பிள்ளை வீட்டுக்குச் சித்தப்பா. அவரு பேசுறப்ப எந்தப் பக்கம்னே தெரியாது. அப்பத்தான் நைசா அந்த வீட்டுக்குள்ள போயிடணும்.”

வாசிக்க வந்தவர் காஜா மைதீன். காரைக்கால் பக்கத்துக் கல்யாணங்களில் இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிப்பவர். எல்லாப் பாட்டுக்கும் விரல் சி-யில்தான் ஓடும். பாடுபவர் தொண்டைக்குத் தக்கபடி மாற்ற ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் அதே விரலில் வேறு சுருதி ஒலிக்கும்.

“பட்டன் இருக்கையில எதுக்கு சார் நாலு கார்டு சுத்திப் போறீங்க? ஒரே அழுத்து!”

“பாய், பொண்ண அடுத்த வீட்டுக்கு அனுப்புறோம். செவரு ஏறிக் குதிக்கவா சொல்றது? வாசல் வழியா போவணும்.”

“இன்ஷா அல்லாஹ், வாசல் வழியாவே போறேன் சார்.”

சோமசேகரன் அவரை வாரக்கணக்கில் பழக்கினார். எனக்கே விரல் வலித்தது.

வரவேற்பன்று எழில்மதி வாசலில் காலெடுத்து வைத்தாள். கீபோர்டும் பக்கத்தில் வயலினும் சி-யில் கிளம்பின. ஏ மைனர் வந்தது. காஜா மைதீனின் விரல்கள் ஒழுங்காக ஜி-க்குப் போயின. கூடவே இடது கை, இருபது வருஷப் பழக்கத்தில், ஜி-க்கான பட்டனையும் அழுத்திவிட்டது. வயலின் ஜி வீட்டில் நின்றது. கீபோர்டு அதையும் தாண்டி அடுத்த வீட்டுக் கொல்லையில் விழுந்தது. ஒரே சந்தில் இரண்டு பஸ் எதிரெதிரே நின்று ஹாரன் அடித்தது போல ஒரு சத்தம். மேடையில் கட்டியிருந்த பலூன்கள் தாமாகவே வெடித்தன. நான் எண்ணவில்லை, பதினைந்துக்குக் குறையாது.

“பாய்! விரலும் மாத்திருச்சு, பட்டனும் மாத்திருச்சு! ஜி-க்குப் போவச் சொன்னா டி-யில போய் நிக்கிறீங்களே!” சோமசேகரன் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

“வலது கை நீங்க சொன்னதக் கேட்டுச்சு சார். இடது கை பழைய ஆளு.”

“மொதல்லேர்ந்து வாசிங்க!”

மாப்பிள்ளையின் அப்பா, போலகம் சிவசுப்பிரமணியன், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சம்பந்தி, போட்டோவுக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. பாட்டு எங்கயும் ஓடிடாது.”

சோமசேகரன் முகம் தொங்கிப் போனது. எழில்மதி அதைப் பார்த்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம் மாமா. அப்பா, நான் திரும்ப வாசலுக்குப் போறேன். இந்தத் தடவயும் சொதப்புனீங்க, அங்கேர்ந்தே ஆட்டோ புடிச்சுப் போயிடுவேன்.”

மறுபடி கிளம்பியது. சோமசேகரன் கீபோர்டு பக்கத்தில் நின்று, காக்காயிடமிருந்து வடகத்தைக் காப்பவர் போல, பட்டன் மேல் இரண்டு உள்ளங்கையையும் கவிழ்த்துக்கொண்டார். சி போனது. ஏ மைனர் வந்தது. அவர் கண்ணை மூடினார். எழில்மதி மேடையேறி மாப்பிள்ளை பக்கத்தில் நின்றபோது இசை ஜி-யில் வந்து அமர்ந்திருந்தது. அவருக்குக் கண்ணைத் திறக்க மனசே வரவில்லை.

திறந்ததும் சம்பந்தியிடம்தான் ஓடினார். “கேட்டீங்களா? மாறுச்சு பாத்தீங்களா?”

“எது? மொதத் தடவதான் என்னமோ மாறுச்சு. இப்ப எல்லாம் ஒரே மாதிரிதான இருந்துச்சு. இதுக்கா பொண்ண ரெண்டு தடவ நடக்க வுட்டீங்க?”

“தெரியலையா? சுத்தமாவே தெரியலையா?”

“சத்தியமாத் தெரியல சம்பந்தி.”

சோமசேகரன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நன்றி. ரொம்ப ரொம்ப நன்றி. வாங்க, சாப்பிடலாம்.”

சிவசுப்பிரமணியன் என் பக்கம் திரும்பினார். இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று கேட்கும் பார்வை அது. நான் பந்தியில் இடம் பிடிக்க வேகமாக நடந்தேன்.