துவக்குக்குப் போன தேசி

கடல் எங்கள் வீட்டு வளவுக்குள் வந்துபோனபின் பாதி உயிரோடு நின்ற ஒரே தேசிமரமும், எலுமிச்சைதான், கருகிவிட்டது. நல்ல வேளை, அதற்குமுன் அதன் தளிர்களை எடுத்து மூன்று போத்தல்களில் ஊட்டக் கூழில் வளர்த்திருந்தேன். உப்பைத் தாங்கும் மரபணுவைத் தங்கத் தூளில் பூசித் தளிருக்குள் சுடும் துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, மலைநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இருந்தது. அங்கே கொண்டுபோகும் பெட்டியில் பகிடிக்காக ‘துவக்குக்கு’ என்று எழுதியிருந்தேன்.

சோதனைச் சாவடியில் சிங்களப் பொலிஸ்காரர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். அந்தச் சொல் அவருடைய மொழியிலும் அதேதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“துவக்கு எங்க?”

“அது துவக்கு இல்ல சேர், தொடக்கம். துவக்குறது.”

“பொய் கதைக்க வேணாம். குண்டு எங்க?”

“குண்டு தங்கம், சேர்,” என்று உளறினேன்.

வேன் ஓட்டிவந்த மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். “வாயப் பொத்துடா! சேர், இவருக்குப் பகிடி விடுற வியாதி. உள்ளுக்குத் தேசிக்கண்டுதான்.”

அவர் ஒரு போத்தலை எடுத்து மூடியில் கைவைத்தார். காற்றுப் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதைச் சொல்வதற்குள் திறந்து மோந்தார்.

“தேசிதான்,” என்று சிரித்து அதை என்னிடம் நீட்டினார்.

மற்ற இரண்டையும் மடியில் இறுக்கிக்கொண்டேன். மலை ஏறி முடியும்வரை நான் வாயே திறக்கவில்லை. மச்சான்தான் பயந்துபோய் இரண்டு தரம் கேட்டான்: “உசிரோடதானே இருக்காய்?”