உறுதியில் எழுதிய ஊர்

மாமா குடையை விரிக்காமல் மழையில் நின்றதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். பசறைக் கடைத்தெருவில் பதுளை பஸ்ஸுக்காக நின்றோம். நல்ல மழை. என்னையும் கைப்பிள்ளையையும் கடை ஓரத்தில் ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவர் ரோட்டோரம் நின்று பஸ் வருகிறதா என்று பார்த்தார். குடை கையில்தான் இருந்தது. அதன் மடிப்புக்குள் அவருடைய அப்பாவின் காணி உறுதியை, காணி வாங்கிய பத்திரத்தை, எண்ணெய்ச் சீலையில் சுற்றிச் செருகியிருந்தார். விரித்தால் நனையும். தலைப்பாகையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மாமா என்றால் என் புருஷனுடைய அப்பா. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார். அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். சுதந்திரம் வந்த கையோடு எங்களுக்குக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. இந்த நாட்டில் பிறந்தேன் என்றால் போதாது, உன் அப்பனும் இங்கே பிறந்தானா, காட்டு என்றார்கள். மாமாவின் அப்பா இங்கேதான் பிறந்தார். அதைக் காட்டினால் மாமாவும் என் புருஷனும் என் பிள்ளையும் இந்த நாட்டு ஆட்கள். காட்டாவிட்டால் எந்த நாட்டு ஆட்களும் இல்லை. அந்தக் காலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. தோட்டத்துப் பழைய புத்தகங்களைக் கேட்டுப் போனோம். கறையான் தின்றுவிட்டது என்றார்கள்.

அப்போதுதான் மாமாவுக்குக் காணி ஞாபகம் வந்தது. இந்த மண்ணில் காணி வாங்கினவர் இந்த நாட்டு ஆள்தானே என்றார். அவருடைய அப்பா தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கி வைத்திருந்தாராம். அவர் செத்த பிறகு அதே கிராமத்து ஆளுக்கு விற்றாகிவிட்டது. விற்கும்போது பழைய உறுதியும் காணியோடு போய்விடும். இருக்குமோ இல்லையோ என்று இறங்கிப் போனோம். காணிக்காரக் கிழவர் பெட்டகத்தைத் திறந்து உடனே எடுத்துத் தந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். வேலை முடிந்ததும் கொண்டு வந்து கொடு, உன் அப்பா வைத்த பலா இன்னும் காய்க்கிறது என்றார். வரும்போது ஒரு காயையும் வெட்டிக் கொடுத்தார். அன்றைக்கு மேட்டில் ஏறும்போது மாமா வேகமாக நடந்தார்.

பதுளையில் எங்கள் மனுவைப் பிரக்கிராசி என்கிற ஒரு வக்கீலின் கந்தோரில் எழுதினார்கள். அங்கே கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். நல்லவர். எங்களை உட்காரச் சொன்னார். உறுதி இங்கிலீசில் இருந்தது. அவர் படித்துத் தமிழில் சொன்னார். கிழக்கே ஓடை, மேற்கே தோட்டத்து எல்லைக் கல். ஒவ்வொன்றுக்கும் மாமா ஆமாங்க என்றார். கடைசித் தாளில் கைநாட்டு இருந்தது. அது அப்பாவின் பெருவிரல் என்று கிளாக்கர் காட்டினார். மாமா வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுத் தன் பெருவிரலை அதன் மேல் மெதுவாக வைத்து எடுத்தார். பிறகு கிளாக்கர் முதல் தாளுக்குத் திரும்பி, வாங்கியவர் யார் என்று எழுதிய இடத்தைப் படித்தார். தென்னிந்தியா, திருச்சி ஜில்லா, முசிறியைச் சேர்ந்தவர். மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"அதாங்க எங்க ஊரு" என்றார்.

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்கட தகப்பன் இஞ்ச பிறக்கேல்லையோ?"

"இங்கதாங்க பெறந்தாரு. நம்ம தோட்டத்துலதான். முசிறிய அவரும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல."

"பின்னை ஏன் முசிறி எண்டு சொன்னவர்?"

"ஊரு கேட்டா ஊரத்தானுங்களே சொல்லணும்."

எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். கல்யாணம் பேசினாலும் சாவுக்குச் சொல்லிவிட்டாலும் ஊர் கேட்பார்கள். பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த ஊரைத்தான் சொல்வோம். தோட்டம் வேலை செய்யும் இடம். அதை யாரும் ஊர் என்று சொன்னதில்லை. உறுதி எழுதிய நொத்தாரிசு கேட்டபோது மாமாவின் அப்பாவும் அப்படியே சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு நாள் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கிளாக்கர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். வேறு காகிதம் ஒன்றும் இல்லை. அந்த உறுதியைத்தான் வைத்தாக வேண்டும் என்றார். விசாரணையில் கேட்டால், தகப்பன் வழக்கத்துக்குச் சும்மா சொன்னவர் என்று சொல்லுங்கோ, உங்கள் ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கோ என்று சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் என் புருஷன் அவரைப் பழக்கினார். உங்க ஊரு என்னங்க என்று கேட்பார். மாமா தோட்டத்துப் பெயரை முணுமுணுப்பார். எங்கள் லயத்து வீடுகளில் பக்கத்துக் காம்பராக் கிழவர் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டார். "பேத்தியப் பொண்ணு கேட்டு வந்தா என்ன சொல்லுவ? லயத்து நம்பரச் சொல்லுவியா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டார்.

விசாரணை பதுளைக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், நடந்தது. என்னையும் கூட நிற்க விட்டார்கள். விசாரிக்கிற துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். தமிழில் திருப்பிச் சொல்ல ஒருவர் பக்கத்தில் நின்றார். ஊர் எது என்று கேட்டார்கள். மாமா தோட்டத்தின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. துரை உறுதியைத் திருப்பி வைத்து, உன் அப்பா முசிறி என்று சொல்லியிருக்கிறாரே என்றார். அது வழக்கத்துக்குச் சொன்னதுங்க என்றார் மாமா. அதையும் துரை எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்து, அப்படியானால் நொத்தாரிசு முன்னால் உன் அப்பா பொய் சொன்னாரா என்று கேட்டார்.

ஆமாங்க என்றால் போதும், வேலை முடிந்தது. நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க" என்றார்.

அவ்வளவுதான். போகச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உறுதியை மறுபடி எண்ணெய்ச் சீலையில் சுற்றிக் குடைக்குள் செருகினார். பசறை வந்து இறங்கப் போகையில்தான், "வேற என்னத்த தாயி சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார். நான் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு இறங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறுதியைக் காணிக்காரக் கிழவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மனு தள்ளுபடி என்று காகிதம் வந்தது. என் புருஷன் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாமாதான் அதற்குப் பிறகு பேரப்பிள்ளையைத் தூக்கவே யோசித்தார்.

பல வருஷம் கழித்துச் சட்டம் மாறி, இப்போது என் பேரப்பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இருக்கிறது. ஊர் கேட்டால் பதுளை என்று யோசிக்காமல் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மாமா செத்த அன்று நடந்தது மனதில் வந்துபோகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்துவிட்ட காலம். மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டார். சாவைப் பதிய நானும் என் புருஷனும் தோட்டத்துக் கந்தோருக்குப் போனோம். பெயர் கேட்டார்கள். அப்பா பெயர் கேட்டார்கள். ஊர் கேட்டார்கள். என் புருஷன் என்னைப் பார்த்தார். நான்தான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். எழுதுகிறவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. எந்தக் காகிதமும் கேட்காமல் அப்படியே எழுதிக்கொண்டார்.