குப்பி மகளின் மணல் மேடு

மாடியில் அறை கட்டுவதற்காக எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு வண்டி வைகை மணல் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. அந்த அறை எனக்கு இல்லை என்பது தெரிந்து நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அது ரங்கூனில் இருந்த குப்பிக்கு. அப்பாவை அத்தா என்றும் அத்தாவின் தங்கையைக் குப்பி என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அத்தாவுக்கு உடன்பிறப்பு என்று இருந்தது அவர் ஒருவர்தான். கல்யாணம் முடிந்த மறு மாதமே மாமாவோடு கப்பல் ஏறியவர் என்பதால் நான் அவரைப் பார்த்ததில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது, நம் சனங்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கடைவீதியில் பேச்சு அடிபட்டதுமே அத்தா கொத்தனாரை வரச்சொல்லிவிட்டார். குப்பி, மாமா, ஆறு வயதுப் பெண், கைக்குழந்தை என்று நான்கு பேர் வந்தால் இருக்கிற இடம் காணாது என்றார். நான்கு பேரும் வருவார்களா என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

வந்தது அந்தப் பெண் மட்டும்தான். ஒருநாள் காலையில் சோழவந்தான்காரர் ஒருவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் சந்துக்குள் விசாரித்து வந்தார். ரங்கூனில் மாமாவின் கடைக்குப் பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவராம். கன்னம் ஒட்டி, கால் இரண்டும் புண்ணாக இருந்தார். அவளை இறக்கிவிட்டதும் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொத குண்டு விழுந்த அன்னைக்கே உங்க மச்சான் போயிட்டாரு பாய்" என்றார் அவர்.

அத்தா, "என் தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்க ரெண்டு புள்ளைகளோட எங்களுக்கு முந்திப் போன கூட்டத்துல போனாங்க. மலை எறங்கி ஒரு ஆத்தங்கரைக் கூடாரத்துல பாத்தா, இது மட்டும் தனியா உக்காந்திருக்கு. கேட்டா வாயத் தொறக்கல. நாலு நாளு அங்கனயே கெடந்து தேடுனேன் பாய். எம்புட்டுக் கூட்டம்ங்கிறீங்க! வேற பாதையில வந்துக்கிட்டு இருந்தாலும் இருக்கலாம்."

அத்தா அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

சோழவந்தான்காரர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "வாரேன் தாயி" என்று அவள் தலையைத் தடவினார். அவள் சட்டையை விடவில்லை. அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவள் அழவும் இல்லை. விரல்கள் அப்படியே மடங்கியபடி இருந்தன.

அன்று முதல் அத்தா தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய், மெட்ராஸ் வண்டி வந்து கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கடை திறந்தார். இரும்புச் சாமான் கடை. பூட்டு, கீல், ஆணி எல்லாம் விற்போம்.

குப்பி மகள் பேசவில்லை. அம்மா ஊட்டினால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். பள்ளிவாசல் ஹஜரத் ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்தாள். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அவள் மோவாயைத் தூக்கி, "ஒங்கம்மா எங்க புள்ள?" என்று கேட்டார்கள். கேட்பவர்களுக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து கொல்லைக்குப் போய், அந்த மணலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அவள்மேல் பொறாமை. அம்மா என் தலையை வறட்டு வறட்டென்று இழுத்துப் பின்னுவாள். அவள் தலையை மட்டும் பூப்போல வாருவாள். ஒரு பேச்சும் பேசாமல் ஒருத்தி இவ்வளவு செல்லத்தையும் வாங்கிக்கொள்ள முடியும் என்றால் நானும் பேசாமல் இருந்து பார்க்கலாம் என்று ஒருநாள் முயன்றேன். நான் வாய் பேசாததை மாலைவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

கடைசியில் மிஷன் ஆசுபத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவை அத்தா அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அவர் பிள்ளையின் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு அவள் கொல்லைக்கு ஓடியதும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"தொண்டையில ஒண்ணும் இல்லை பாய். மருந்தும் இல்லை" என்றார். "அவ மணல்ல விளையாடட்டும். யாரும் எதுவும் கேட்காதீங்க. அவ செஞ்சு வச்சதைக் கலைக்காதீங்க. பக்கத்துல ஒரு ஆளு சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும்."

"மணல்லயா?" என்றாள் அம்மா.

"ஆமா. வாயால சொல்ல முடியாததைப் பிள்ளைங்க கையால சொல்லும்."

அத்தா மறுபேச்சுப் பேசாமல் கட்டட வேலையை நிறுத்திவிட்டார். கொத்தனார், "சின்னப் புள்ள வெளையாட இம்புட்டு மண்ணா பாய்? ஒரு கூடை ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்கிறேனே" என்று கெஞ்சிப் பார்த்தார். அத்தா அசையவில்லை. சும்மா உட்காரும் வேலை எனக்கு வந்தது. என்னைப் போன்றவளுக்கு அதைவிடக் கடினமான வேலை உலகத்தில் இல்லை.

விளையாடச் சாமான் வேண்டுமே என்று அத்தா கடையிலிருந்து ஒரு தகரம் நிறையக் கழிவு இரும்பு கொண்டுவந்தார். பூட்டு தொலைந்த சாவிகள், வளைந்த ஆணிகள், உடைந்த கீல்கள். நான் தகரத்தை மணலில் கவிழ்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். குப்பி மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒரு நீளச் சாவியையும், ஒரு சின்னப் பெட்டிச் சாவியையும், கோணலான ஓர் ஆணியையும் தனியாக வைத்தாள்.

பிறகு மணல் மேட்டின் அடியிலிருந்து உச்சிவரை விரலால் ஒரு பாதை கீறினாள். கீல்களும் ஆணிகளும் வரிசையாக அதில் ஏறின. நடுவில் அந்த மூன்றும் போயின, பெரிய சாவியின்மேல் சின்னச் சாவியைச் சாய்த்து, பக்கத்தில் கோணல் ஆணி. கொஞ்ச தூரம் ஏறியதும் சின்னச் சாவியை எடுத்து மணலுக்குள் அழுத்திவிட்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பெரிய சாவியைப் பாதையோரம் படுக்க வைத்து, ஒரு பூவரச இலையால் மூடினாள். மற்றவை எல்லாம் போய்விட்டன. கோணல் ஆணி மட்டும் இலைக்குப் பக்கத்தில் நின்றது. அதைத் தொடாமல் அவள் கைகட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த ஆணி தனியாக மேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. அத்துடன் விளையாட்டு முடிந்தது.

மறுநாளும் அதே விளையாட்டு. அதற்கு மறுநாளும். ஒருநாள்கூட மாறவில்லை. ஒரு வீடு இல்லை, கடை இல்லை, கல்யாணம் இல்லை. இப்படி ஒரு சலிப்பான விளையாட்டை நான் கண்டதே இல்லை.

பதினைந்து இருபது நாள் பொறுத்தேன். ஒரு பகலில், அவள் சாவியை இலையால் மூடிவிட்டு உட்கார்ந்தபோது என்னால் முடியவில்லை. கையை நீட்டி இலையை எடுத்தெறிந்துவிட்டு, சாவியை நிமிர்த்திப் பாதையில் நட்டேன். "இது எந்திரிச்சு நடக்கட்டும். அப்பத்தான் வெளையாட்டு நல்லா இருக்கும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபப்படவில்லை. சாவியை மெதுவாகப் பிடுங்கி, ஒட்டியிருந்த மணலைப் பாவாடையில் துடைத்து, மறுபடி படுக்க வைத்தாள். எறிந்த இலையைத் தேடி எடுத்து மூடினாள்.

"தூங்கட்டும்" என்றாள்.

நான் குதித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். "பேசிட்டா! பேசிட்டா!" அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு வந்திருந்த அத்தா கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார்.

"என்ன சொன்னா?"

"தூங்கட்டும்னு சொன்னா அத்தா!"

"யாரை?"

"சாவியை!" என்று சொல்லி நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அத்தா சிரிக்கவில்லை.

அவர் என்னை அழைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்து, மணலுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் நின்ற ஆணியைப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தானா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாத்தா. மொதல்ல சின்னச் சாவி மண்ணுக்குள்ள போயிரும். அப்புறம் பெரிய சாவி படுத்துக்கிரும். ஆணி மட்டும் தனியாப் போகும். தினமும் இதேதான்" என்று குறை சொல்வதுபோலச் சொன்னேன்.

"இன்னா லில்லாஹி" என்று அவர் வாய்க்குள் ஓதுவது கேட்டது. சாவுச் செய்திக்கு மட்டுமல்ல, ஏதாவது பொருள் தொலைந்துபோனாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓதுவார்கள். அதனால் எனக்கு அது விசேஷமாகப் படவில்லை. கடைச் சாவி எதுவோ காணவில்லை என்று நினைத்தேன்.

பிறகு அவர் குப்பி மகள் பக்கம் திரும்பி, "மூடிருவோமாம்மா?" என்று கேட்டார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள்.

அத்தா இரண்டு கையாலும் மணலைத் தோண்டினார். மேல்மணல் சரியச் சரிய, ஈரமணல் வரும்வரை தோண்டினார். சின்னச் சாவியைத் தேடி எடுத்துப் பெரியதோடு சேர்த்து வைத்தார். தலை வடக்கே இருக்க வேண்டும் என்று அவர் முணுமுணுத்தபோது, "சாவிக்கு எதுத்தா தலை?" என்று கேட்டேன். "வளையம் இருக்கிற பக்கம்" என்றார். இலையை மேலே பரப்பினார். பிறகு ஒரு பிடி மணல் எடுத்துப் போட்டார். இன்னொன்று. இன்னொன்று. குப்பி மகளும் அதேபோலப் போட்டாள். நானும் போட்டேன். எல்லாம் முடிந்ததும் அவள் அத்தாவின் மடியில் ஏறி, வாயைத் திறந்து அழுதாள். அவ்வளவு சத்தம் அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்திருக்கிறது. அம்மா ஓடிவந்தாள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

மறுநாள் அத்தா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் இறந்தவர்களுக்கு ஓதும் ஃபாத்திஹாவைக் குப்பி பேரில் ஓதி, சந்து முழுவதற்கும் சோறு போட்டார்கள். தபால் ஏதும் வரவில்லையே, குப்பி மௌத்தானது யார் சொல்லித் தெரிந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "போ அங்கிட்டு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குப்பி மகள் அதன் பிறகும் பல நாள் மணலில் விளையாடினாள். பாதை போய், கிணறு வந்தது, அடுப்பு வந்தது. என்னை மாமியாராக வைத்து ஒரு கல்யாணமும் நடந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பேச்சும் வந்தது. ஆடி கழிந்ததும் அவளே கொத்தனாரிடம், "எடுத்துக்கங்க" என்றாள். அந்த மணலில் எழும்பிய அறையில் நாங்கள் இருவரும் கல்யாணம் ஆகும்வரை ஒன்றாகப் படுத்தோம். வந்த வழியைப் பற்றி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதும் இல்லை. பல வருடங்கள் கழித்து அத்தா மௌத்தானபோது, அடக்கம் முடிந்து வந்த என் சின்ன மகன் கையை நீட்டிக் காட்டினான். நகக்கண்ணெல்லாம் மண். "எல்லாரும் மூணு பிடி போட்டாங்கம்மா. நன்னாவுக்கு நானும் மூணு பிடி போட்டேன்" என்றான்.

குப்பி மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குக் கொல்லை மணலில் அத்தா மூன்று பிடியோடு நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். எனக்குத்தான் ஆசை தீரவில்லை. விளையாட்டு ஒருவழியாக மாறிவிட்டதே என்ற சந்தோஷத்தில் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன், சிரித்தபடி. அத்தா என்னைத் தடுக்கவில்லை.