திங்கட்கிழமையே எழுதிய வெள்ளிக்கிழமை

மகேந்திரன் போய்விட்டான் என்று அவன் மனைவி சாந்தி தொலைபேசியில் அழுதபோது, நான் வேலையிடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றேன். நண்பர்களே, உங்களிடம் மறைக்கவில்லை. ஐயோ என்றேன், அடுத்த நொடியே, இனி அவனுடைய மனேஜர் கதிரை யாருக்கு என்று மனம் கேட்டது. செத்தவனை ‘அவர்’ என்று மரியாதையாக எழுத இப்போதும் கை வரவில்லை. என்னைவிட ஆறு வயது இளையவன். இருபது வருடம் எனக்கு மேலே இருந்தவன்.

லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கன்டீனில் இருவரும் ஒரே மாதத்தில் கோப்பை கழுவத் தொடங்கினோம். அப்போது அங்கே எங்கள் தமிழ் ஆண்களுக்கு இருந்த வழி அதுதான்: கோப்பை, பிறகு சமையல், பிறகு சுப்பர்வைசர், கடவுள் கண் திறந்தால் மனேஜர். நான் முதலில் சுப்பர்வைசர் ஆனேன். மனேஜர் இடம் காலியானபோது அது எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, ஹரோ கடைத்தெருவில் மனேஜர் கட்டுவதுபோல ஒரு கழுத்துப்பட்டி வாங்கிவிட்டேன்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வெப்பநிலை எத்தனை பாகை என்று தினமும் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். நாங்கள் எல்லோரும் செய்த களவு, திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் நான்கு, நான்கு என்று நிரப்பிவிடுவது. அந்த வாரம் நான் நிரப்பியிருந்தேன். புதன்கிழமை கவுன்சிலில் இருந்து சோதனைக்கு வந்த பெண் தாளைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், வெள்ளிக்கிழமையும் நன்றாகத்தான் குளிர்ந்திருக்கிறது என்றார். யார் எழுதியது என்று நிர்வாகம் மகேந்திரனைக் கேட்டது. அவன் என் பெயரைச் சொன்னான். அடுத்த மாதம் அவன் மனேஜர்.

"பொய் சொல்ல எனக்கு ஏலாது, அண்ணை. கோவிக்காதேங்கோ" என்றான்.

கோவித்தேன். அவனுடைய சாவிக்கொத்து, எட்மண்டனில் வாங்கிய வீடு, ஐம்பதிலும் உதிராத தலைமயிர், எல்லாவற்றையும் பார்த்து வயிறெரிந்தேன். கழுத்துப்பட்டி இன்னும் உறையோடு கிடக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் தாளோடு வந்து நிற்பான். "நீங்கள் பாருங்கோ அண்ணை, நான் எழுதுறன்." பேனையை என்னிடம் தரப் பயப்படுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இலக்கத்தைச் சொல்வேன். இருபது வருடம் இப்படியே போயிற்று.

கிழக்கு லண்டனில் நடந்த இறுதிச் சடங்கில், அவனிடம் வேலை பழகி மனேஜரானவர்கள் வரிசையாக நின்றார்கள். அதிலும் எனக்குப் பொறாமை. என் சவத்துக்கு யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சாந்தி அருகே வந்தார்.

"பக்கத்திலை நிண்டும், நீங்கள் சொல்லுற பெட்டி இலக்கத்தைத் தான் ஒருநாளும் எட்டிப் பாத்ததில்லை எண்டு இவர் சொன்னவர். 'அண்ணை ஒருக்காப் பிழை விட்டவர், இனி விடமாட்டார்' எண்டுதான் சொல்லுவார்."

அந்த இருபது வருடமும் தாளில் இருந்த கையெழுத்து அவனுடையது. நான் பொய் இலக்கம் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அவனுக்குத்தான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் தினமும் எட்டிப் பார்த்திருப்பேன். நண்பர்களே, இப்போது என் பொறாமை முழுக்க எட்டிப் பார்க்காத அந்த மனதின் மேல்தான்.

அந்தக் கதிரை எனக்கு வரவில்லை, யாருக்கும் வரவில்லை. அலுவலகக்காரர் பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். மூன்று கன்டீன்களை ஓர் இளம்பெண் போனிலேயே நடத்துகிறாள். பெட்டியும் தன் பாகையைத் தானே அவளுக்கு அனுப்பிவிடுகிறது.

ஆனாலும் காலையில் நான் கதவைத் திறந்து பார்க்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். எழுத ஆளில்லை, வாய்விட்டுச் சொல்கிறேன். இன்று மூன்று, மகேந்திரன்.